நெசவாளர் வீட்டுக்கு வரைபடம் போடுவது யார்?

ஆகஸ்டு 7-ந் தேதி வந்தால் கைத்தறியைப் புகழாத மேடையில்லை. 1905-ம் வருஷத்துச் சுதேசி இயக்கத்தின் ஞாபகார்த்தமாக 2015 முதல் அந்நாள் தேசியக் கைத்தறி தினமாய் அனுஷ்டிக்கப்படுகிறது. சந்தோஷமே. ஆயின் ஐயம்பேட்டையில் பட்டு நெய்பவரை எத்தகைய வீட்டில் உட்கார்த்தி வைத்திருக்கிறோம் என்று அம்மேடைகளில் கேட்பாரில்லை.

காற்று வறண்டால் பாவிழை அறும். ஆகையால்தான் குழித்தறி மண்ணின் ஈரத்தை நாடித் தரையோடு தரையாய் அமைந்தது. அக்குழியிலேயே ஐப்பசி மழைநீர் ஊறினாலோ, வேலையும் நிற்கும், கூலியும் நிற்கும். ஓடு போய்க் கான்கிரீட் தளம் வந்த வீடுகளில் சித்திரை வெயில் நேரே தலைமேல் இறங்குகிறது. விசிறியைச் சுழற்றினால் மிச்ச ஈரமும் போய்விடும்!

2011-ல் தமிழக சர்க்கார் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டம் ஏழைகளுக்கு 300 சதுர அடி வீடும் சூரிய விளக்கும் தந்தது. விளக்கை நாம் குறை கூறவில்லை. மாகாணம் முழுமைக்கும் ஒரே மாதிரிப் படம் என்பதே நமது ஆக்ஷேபம். தறிக்கு வெளிச்சம் எப்பக்கம் வேண்டும், குழிக்கு நீர் எவ்வழி வரும் என்பவை அச்சிட்ட படத்துக்கு எப்படித் தெரியும்?

வேறு வழி உண்டென்பதற்குப் புதுச்சேரியே சாக்ஷி. அரவிந்தாசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை வரைந்தவர் டோக்கியோவிலிருந்த அந்தோனின் ரேமண்ட். அவருடைய சகாக்களான ஸாமரும் நகாஷிமாவும் அவ்வூரிலேயே தங்கி, ஆசிரமத்தாருடன் கூடி வேலை செய்தனர். 1937-ல் வந்த நகாஷிமா 1939 வரை இருந்தார். வெயிலும் காற்றும் வரும் திசையும், கான்கிரீட்டின் பலமும் ஒரே மேஜையில் ஆராயப்பட்டன. பலன் யாதெனில், வடக்கும் தெற்கும் நோக்கிய நீண்ட முகங்களில் சுவருக்குப் பதில் திறந்து மூடும் பலகைகள். கூரைமேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், இடையே காற்று. குளிர்சாதன யந்திரத்துக்கு அங்கே வேலையில்லை. (அப்பலகைகள் அஸ்பெஸ்டாஸ், அதன் தீங்கை இன்று அறிவோம். நாம் கொள்ளவேண்டியது முறையை, பொருளையன்று.)

நமது வழக்கமோ, ஒருவர் வரைந்து முடித்தபின் மற்றவரை அழைத்துக் கம்பிக் கணக்குப் போடச் சொல்வது.

கலந்து வரையச் செலவு மிகும் என்பார்கள். காகிதத்தில் ஜன்னலை நகர்த்த என்ன செலவு? கட்டிய சுவரை இடிக்கவன்றோ பணம் வேண்டும்! நெசவாளர் வீட்டுக்கான அடுத்த படத்தில் முத்திரை விழுமுன், கட்டடச் சிற்பியும் இஞ்சினீயரும் சித்திரையில் ஒரு பகலும் ஐப்பசியில் ஒரு பகலும் ஐயம்பேட்டைத் தறிவீடொன்றில் சேர்ந்து உட்காரட்டும். குழியின் ஆழத்தை நெய்பவர் சொல்லட்டும். தரையின் உயரத்தை அதன்பின் இஞ்சினீயர் குறிக்கட்டும்.