தட்டா, ஊசியா?: ஒரு மறுப்பு

இசைத்தட்டு சேகரிக்கும் நண்பர்களிடையே ஒரு கூற்று வேதவாக்காகவே புழங்கிவருகிறது. ‘முதலில் நல்ல டர்ன்டேபிள் வாங்குங்கள், ஊசியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.’ மலிவான கருவி ஒன்றையும் கையிலிருக்கும் சிறு தொகையையும் வைத்துக்கொண்டு, அடுத்து எதை மாற்றுவது என்று தயங்கி நிற்பவரின் வாயை இந்த ஒற்றை வரியால் அடைத்துவிடுகிறார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவதால் பாழாவது இசைத்தட்டுகள் என்பதே என் தரப்பு.

இக்கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஒலிபெருக்கியே ஓசையின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்று பரவலாக நம்பப்பட்ட 1970களில், ஸ்காட்லாந்தின் லின் நிறுவனத்தைத் தொடங்கிய ஐவர் டீஃபன்ப்ரன் அதை மறுத்தார். தட்டிலிருந்து எடுக்கப்படாமல் போனதைப் பின்னால் வரும் எந்தக் கருவியாலும் மீட்க இயலாது என்றார். அன்று அது தேவையான எதிர்க்குரல். அவர் விற்றது எல்பி12 என்னும் சுழல்தட்டு என்பதையும் கூடவே நினைவில் கொள்ள வேண்டும். அன்றைய எதிர்க்குரலை இன்று யோசனையின்றி ஒப்பிக்கிறோம்.

அவருடைய தர்க்கத்தையே இறுதிவரை கொண்டுசெல்வோம். தட்டிலிருந்து இசை எடுக்கப்படும் இடம் எது? வைர முனை பள்ளத்தின் சுவரைத் தொடும் அந்த இடம்தான். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் எல்பியின் வெளிவிளிம்பில், பள்ளம் ஊசியின் கீழே வினாடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ. நகர்கிறது. உள்விளிம்பை அடையும்போது அது 21 செ.மீ. அளவுக்குக் குறைகிறது. அதே ஓசை பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. உருண்டை முனை கொண்ட ஊசி அந்த நுண்ணிய வளைவுகளுக்குள் இறங்க முடியாமல் திணறுகிறது. ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ச’வும் ‘ஸ’வும் சீறுவது பெரும்பாலும் இதனால்தான். எத்தனை கனமான தட்டை வாங்கிச் சுழலவிட்டாலும் இந்தச் சீறல் தீராது.

ஓர் உதாரணம். ஆடியோ டெக்னிகாவின் எல்பி120எக்ஸ் கருவியுடன் விஎம்95இ என்ற கார்ட்ரிட்ஜ் வருகிறது. அதன் உடலை அப்படியே வைத்துக்கொண்டு, நீள்வட்ட முனை ஊசியை உருவிவிட்டு, அதே வரிசையின் மைக்ரோலீனியர் ஊசியைச் செருகலாம். கையின் எடையைச் சரிபார்த்து 2 கிராமில் நிறுத்தினால் போதும். இவ்வளவு வசதியுள்ள கருவியைக் கழித்துக்கட்டிவிட்டு, அதே ரக ஊசியுடன் வேறொரு சுழல்தட்டை வாங்குவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் ஒப்புக்கொள்கிறேன். தம்புராவின் சுருதி அலைகிறதா, வீணையின் நீண்ட கார்வை நடுங்குகிறதா என்று கேட்டுப் பாருங்கள். தட்டின் துளை நடுவில் இருந்தும் அப்படி நேர்ந்தால் வேகம் நிலையாக இல்லை என்று பொருள். முதலில் பெல்ட்டைப் பாருங்கள். அதிலும் குறையில்லையென்றால் கருவியைத்தான் மாற்ற வேண்டும். எந்த ஊசியும் அதைத் திருத்தாது. அதே நிறுவனத்தின் எல்பி60 போன்றவற்றில் கார்ட்ரிட்ஜ் கையோடு பிணைந்திருக்கிறது. எடையை மாற்ற வழியில்லை. அங்கே விலையுயர்ந்த கார்ட்ரிட்ஜைப் பற்றிப் பேசுவதே வீண். ஆக, கை இடம் கொடுக்குமானால் ஊசி, கொடுக்காவிட்டால் கருவி. இதைக் காதும் எடைகாட்டியும் சேர்ந்து முடிவுசெய்யட்டும்.

இதை வெறும் பொழுதுபோக்குச் சர்ச்சை என்று சிலர் ஒதுக்கக்கூடும். ‘நல்ல தட்டு வாங்கும்வரை பொறுத்திருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டு, தேய்ந்த ஊசியை ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்களை நான் அறிவேன். தேய்ந்த வைரத்தின் கூரிய ஓரம் ஒவ்வொரு முறையும் பள்ளத்தின் சுவரைச் செதுக்குகிறது. கருவியை அடுத்த ஆண்டும் வாங்கலாம். மறுபதிப்பே காணாத ஒரு கச்சேரித் தட்டை, தந்தையார் வாங்கிவைத்த அந்த ஒரே பிரதியை, எந்தக் கடையில் போய் வாங்குவது?

சேமிப்பு நிறையும்வரை காத்திருங்கள், தவறில்லை. ஆனால் அதுவரை அந்தத் தட்டின்மேல் தேய்ந்த ஊசியை வைக்காதீர்கள்.