இன்டெக்ஸ் ஓரிடம், பத்திரம் ஓரிடம்

வில்லங்கச் சான்றுக்காகக் காலையிலேயே போய்க் காத்துக் கிடந்த காலம் போய், இப்போது கைபேசியிலேயே பார்த்துக்கொள்கிறோம். பட்டாவும் அப்படித்தான். நல்ல விஷயம். ஆனால் 30 வருடத்துக்கு மேல் ரிக்கார்டு ரூம் தூசியில் குப்பை கொட்டியவனுக்கு ஒரு கேள்வி எழுகிறது. பெயரும் சர்வே எண்ணும் கணினியில் ஏறிவிட்டன, சரி. ஸ்கேன் செய்த பத்திரத்தை எங்கே வைப்பது?

டேட்டாபேஸ் என்பது கட்டம் போட்ட ரிஜிஸ்தர்தான். ஒரு பத்திரத்துக்கு ஒரு வரி. எண், வருடம், பெயர் என்று ஒவ்வொரு கட்டத்திலும் சின்னச் சின்ன விவரம். ஸ்கேன் படத்தையும் அதே வரியில் ஒரு கட்டத்துக்குள் வைக்கலாம். அதற்கு 'பிளாப்' என்று பெயர். நீண்ட வாசகமாக இருந்தால் 'கிளாப்'. இல்லையென்றால் படத்தை வெளியே ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டு, கட்டத்தில் அதன் விலாசத்தை மட்டும் எழுதலாம்.

இது புதுச் சங்கதி இல்லை. 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டப்படி பத்திரத்தின் நகல் 1-ஆம் புத்தகத்தில் ஏறும். பெயர்வாரியாக இன்டெக்ஸ் 1, சொத்துவாரியாக இன்டெக்ஸ் 2. இன்டெக்ஸைப் பார்த்துத்தான் வால்யூமைத் தேடுவோம். வால்யூமைக் கரையான் அரித்துவிட்டால், இன்டெக்ஸ் மட்டும் இருந்து என்ன பயன்?

கணினிக்காரர்கள் அளவை வைத்து முடிவு செய்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தார் 2006-இல் சோதித்துப் பார்த்து, 256 கிலோபைட்டுக்குக் குறைந்தால் டேட்டாபேஸுக்குள், 1 மெகாபைட்டைத் தாண்டினால் வெளியே என்று எழுதினார்கள். 20 பக்கக் கிரயப் பத்திரத்தின் ஸ்கேன் சுலபமாக 1 மெகாபைட்டைத் தாண்டும். உள்ளே வைத்தால் டேட்டாபேஸ் பருத்துவிடும், பேக்கப் எடுக்க நேரமாகும் என்பது அவர்கள் வாதம். நியாயம்தான்.

என் கட்சி வேறு. தொலைந்தால் திரும்பக் கிடைக்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சினிமாப் படம் போனால் இன்னொரு பிரதி கிடைக்கும். தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைக்குமா?

நம் ஊர்க் கதையையே பாருங்கள். திருச்சி மாவட்டத்தில் இருந்த அரியலூர், 1995-இல் பெரம்பலூர் மாவட்டத்துக்கு வந்தது. 2001-இல் தனி மாவட்டம். 2002-இல் மறுபடியும் பெரம்பலூர். 2007-இல் மறுபடியும் தனி. 12 வருடத்தில் நான்கு மாற்றம். நிலம் ஓரடி நகரவில்லை! படத்தின் விலாசத்தில் மாவட்டப் பெயரும் இருந்தால், நான்கு முறையும் எல்லா வரிகளையும் திருத்த வேண்டும். ஒரு வரி விட்டுப்போனாலும் ஒரு குடும்பத்தின் பத்திரம் போன மாதிரிதான். படம் எங்கோ பத்திரமாக இருக்கும். தேடிப் பிடிக்க வழி இருக்காது.

அதனால் நிலம், பிறப்பு, இறப்பு சம்பந்தப்பட்ட படங்கள் வரியோடு வரியாக உள்ளேயே இருக்கட்டும் என்பேன். பருத்துவிடும் என்ற பயத்துக்கும் ஓரளவு மருந்து உண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஒரு வரி சுமார் 2 கிலோபைட்டைத் தாண்டினால், பெரிய சரக்கை அதுவே சுருக்கி, துண்டு போட்டுப் பக்கத்து அறையில் வைத்துக்கொள்கிறது. கேட்டால்தான் எடுத்து வரும். ஒரு கட்டத்தில் 1 ஜிபி வரை கொள்ளும்.

வெளியேதான் வைப்போம் என்றால் மூன்று நிபந்தனை. விலாசத்தில் ஊர், மாவட்டம், அலுவலகப் பெயர் கூடாது. என்றும் மாறாத எண் மட்டும் வேண்டும். படத்துக்குக் கைரேகை போல 'ஹாஷ்' என்ற ஓர் எண் எடுக்கலாம். அதை வரியில் எழுதி வைத்தால், யாராவது படத்தை மாற்றினால் தெரிந்துவிடும். மூன்றாவது, இன்டெக்ஸுக்கும் படங்களுக்கும் ஒரே நேரத்தில் பேக்கப்.

காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளை இரண்டு பிரதி எழுதி, ஒன்றை ஊரிலும் ஒன்றை நீதிமன்றத்திலும் வைப்பது பிரெஞ்சு வழக்கம். தங்கள் காலனிகளுக்கு அதுவும் போதாதென்று, இன்னொரு பிரதி எழுதி வெர்சாய்க்கு அனுப்பச் சொல்லி 1776-இல் அரசாணை போட்டார்கள். கப்பலில் போன பேக்கப்! நம்முடையதும் இன்னொரு ஊரில் இருக்க வேண்டாமா?

நம் பங்குக்கு ஒன்று செய்வோம். உங்கள் பத்திர எண், வருடம், பதிவான சார்பதிவாளர் அலுவலகம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, பிள்ளைகளிடம் காட்டி வையுங்கள். எந்தக் கணினியில் தேடினாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.