லோக்கல்ல ஓடுது... சர்வர்ல படுத்துக்குது!

"சார், லேப்டாப்ல சூப்பரா ஓடுச்சு சார்... சர்வர்ல ஏத்தினதும் படுத்துடுச்சு!"

புராஜெக்ட் ரிவ்யூ சீஸன்ல எந்த காலேஜ் லேபுக்குள்ளே நுழைஞ்சாலும் காதில் விழுற டயலாக் இது. இந்த வாரம் இந்த ஒரு வரியைத்தான் பிரிச்சு மேயப் போறோம்.

ஒரு டீமை மனசுல வெச்சுக்கங்க. ஃபைனல் இயர், மூணு பேர். டிபார்ட்மென்ட் சிம்போஸியத்துக்கு ஒரு வெப்சைட். பேரைப் பதிவு பண்ணலாம், பேப்பர் தலைப்பை அனுப்பலாம், தமிழ் மன்றத்துக் கவிதைப் போட்டிக்குக் கவிதையை டைப் பண்ணியே சேர்க்கலாம். பிஎச்பி, மைஎஸ்கியூஎல் ரெண்டும்தான் துணை. லேப்டாப்ல இருக்கிறது சீனியர் பென் டிரைவ்ல கொடுத்துட்டுப் போன பழைய ஸாம்ப். ரிவ்யூவுக்கு இன்னும் பத்து நாள். காசு போட்டு ஹோஸ்டிங் வாங்கி, ஃபைல்களை ஏத்தி, ஆசையா திறந்தா... பளிச்னு வெள்ளைப் பக்கம்!

உடனே வட்ட மேசை மாநாடு. ஒருத்தர், "பிஎச்பியே பழசு மச்சி, நோட் ஜேஎஸ்ஸுக்கு மாறிடலாம்" என்கிறார். அடுத்தவர், "ரியாக்ட்ல எழுதியிருந்தா இந்தப் பிரச்னையே வந்திருக்காது" என்கிறார். மூணாவது ஆள், "ஹோஸ்டிங் கம்பெனியை மாத்துடா" என்கிறார். மூணு பேரும் ஆளுக்கு ஒரு மருந்து எழுதிட்டாங்க. நோயாளிக்கு எங்கே வலிக்குதுன்னு ஒருத்தரும் கேட்கலை!

கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். எங்கே உடைஞ்சுது?

எஃப்12... இதுதான் ஸ்டெதஸ்கோப்!

வெப் அப்ளிகேஷன்ல முக்கியமா மூணு இடம். உங்க பிரவுசர், சர்வர்ல ஓடுற புரோகிராம், அதுக்குப் பின்னால இருக்கிற டேட்டாபேஸ். தப்பு இந்த மூணுல ஒண்ணுல இருக்கும். இல்லைன்னா ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவில் இருக்கும்.

கீபோர்டுல எஃப்12 தட்டுங்க. பிரவுசருக்குள்ளேயே டெவலப்பர் டூல்ஸ் திறக்கும். 2006-ல் ஃபயர்ஃபாக்ஸுக்கு ஃபயர்பக் என்ற இணைப்பு வந்தப்போ வெப் புரோகிராமர்கள் கொண்டாடித் தீர்த்தாங்க. 2017-ல் அது ஓய்வு வாங்கிடுச்சு. அது செஞ்ச வேலையெல்லாம் இப்போ எல்லா பெரிய பிரவுசர்லயும் இலவசமா, தயாரா இருக்கு. அதுல 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து வெச்சுட்டு, பக்கத்தை ரீலோட் பண்ணுங்க. ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்துல ஒரு மூணு இலக்க எண் தெரியும். பாதி ஜாதகம் அதுலயே இருக்கு!

200 - எல்லாம் சுகம்.

403 - வீடு இருக்கு, ஆனா உள்ளே விடமாட்டாங்க. பெரும்பாலும் ஃபோல்டர் அனுமதி சிக்கல்.

404 - அந்த அட்ரஸ்ல ஆளே இல்லை.

500 - உள்ளே போயாச்சு, ஆனா உள்ளே ஏதோ களேபரம். அதாவது உங்க புரோகிராம் பாதியில் விழுந்துடுச்சு.

502 - வாசல்ல நிக்கிற வாட்ச்மேன் ஓகே. அவர் கூப்பிட்ட ஆள்கிட்டேயிருந்து ஒழுங்கான பதில் வரலை.

4-ல் ஆரம்பிச்சா கேட்டவர் பக்கம் முதல்ல பாருங்க. 5-ல் ஆரம்பிச்சா சர்வர் பக்கம் போங்க. நம்ம டீமுக்கு வந்தது 500. ஆக, ரியாக்ட் பஞ்சாயத்து இங்கேயே டிஸ்மிஸ்! ரியாக்ட் வேலை செய்யற இடம் பெரும்பாலும் பிரவுசர். உடைஞ்சது சர்வர்.

வெள்ளைப் பக்கம் ஊமை இல்லை

வெள்ளைப் பக்கம் வந்தா 'ஒண்ணுமே சொல்லலையே'ன்னு புலம்பாதீங்க. அது சொல்லிட்டுத்தான் இருக்கு, உங்க காதுல இல்லை, அவ்வளவுதான். ஊருக்குத் திறந்துவிட்ட சர்வர்ல எரரைத் திரையில் காட்டாம மறைச்சு வைக்கிறது வழக்கம். காரணம், ஃபைல் எங்கே இருக்கு, டேபிள் பேர் என்னன்னு வர்றவன் போறவனுக்கெல்லாம் தெரியக்கூடாது. அதனால எரர் திரைக்கு வராம 'எரர் லாக்' என்ற ஃபைலுக்குப் போயிடும். ஹோஸ்டிங்கோட கன்ட்ரோல் பேனல்ல தேடுங்க, கிடைக்கும். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிங்க. என்ன தப்பு, எந்த ஃபைல், எத்தனாவது வரி... மூணும் இருக்கும்.

நம்ம டீமோட லாக்ல, 'மைஎஸ்கியூஎல் கனெக்ட் என்று ஒரு ஃபங்ஷனே கிடையாது'ன்னு வந்திருந்தது. சீனியரோட பழைய ஸாம்ப்ல இருந்தது பிஎச்பி 5. 2015 டிசம்பர்ல வந்த பிஎச்பி 7-ல் அந்தப் பழைய ஃபங்ஷன் குடும்பத்தையே தூக்கிட்டாங்க. சர்வர்ல இருக்கிறது அதுக்கும் பிறகு வந்த பதிப்பு. மர்மம் குளோஸ்!

தீர்வு, டேட்டாபேஸ் தொடர்பை பிடிஓ முறைக்கு மாத்தி எழுதுறது. ரெண்டு சாயங்கால வேலை. அதுல 'பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்' பயன்படுத்தினா இன்னொரு லாபமும் உண்டு. பேர் கேட்கிற கட்டத்துல விஷமமா எஸ்கியூஎல் கட்டளையை அடிச்சு டேட்டாபேஸைக் காலி பண்ற ஆட்களுக்கு அங்கே கதவு சாத்தப்படும். வைவால எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் இதைக் கேட்க நிறைய வாய்ப்பு இருக்கு.

லோகோ எங்கே போச்சு?

பக்கம் வந்துடுச்சு. ஆனா காலேஜ் லோகோ இருக்க வேண்டிய இடத்துல உடைஞ்ச படம். எஃப்12-ல் பார்த்தா அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் 404. "ஃபைல் அங்கேயேதான் சார் இருக்கு!" இருக்கும். ஆனா ஃபைல் பேரோட முதல் எழுத்து பெரிய 'எல்', கோடுல நீங்க எழுதினது சின்ன 'எல்'. விண்டோஸுக்கு வழக்கமா ரெண்டும் ஒண்ணுதான். லினக்ஸுக்கு ரெண்டும் வேற வேற ஆள். பெரும்பாலான ஹோஸ்டிங் சர்வர்கள் லினக்ஸ். அதனால முதல் நாளிலிருந்தே எல்லா ஃபைல் பேரும் சின்ன எழுத்து, நடுவுல இடைவெளி கிடையாதுன்னு டீமுக்குள்ளே சட்டம் போட்டுடுங்க.

இதோட தங்கச்சிப் பிரச்னை ஒண்ணு இருக்கு. கலரை மாத்தி ஏத்தினாலும் பழைய கலரே வரும். சர்வர் மேல பாயறதுக்கு முன்னால கன்ட்ரோல், எஃப்5 ரெண்டையும் சேர்த்து அழுத்துங்க. பிரவுசர் பத்திரப்படுத்தி வெச்ச பழைய காப்பியைத்தான் நீங்க பார்த்துட்டு இருந்திருப்பீங்க.

கவிதை கேட்டேன்... கேள்விக்குறி தந்தாய்!

இதுதான் தமிழ்ப் பிள்ளைகளுக்குன்னே வர்ற ஸ்பெஷல் தலைவலி. கவிதைப் போட்டிக்கு வந்த கவிதையெல்லாம் வரிசையா கேள்விக்குறி! இதுல ரெண்டு விதம் இருக்கு. ரெண்டும் வேற வேற நோய், குழப்பிக்காதீங்க.

முதல் விதம், தலைமேல் கோடு போட்ட ஆங்கில எழுத்தும், வட்டத்துக்குள்ளே 'ஆர்' போட்ட குறியும் மாறி மாறி வரும். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட். அந்த மூணு பைட்டை மூணு தனித்தனி ஐரோப்பிய எழுத்துன்னு யாரோ தப்பா படிக்கிறாங்க. இதுல பெரும்பாலும் சரக்கு பத்திரமா இருக்கு, லேபிள்தான் தப்பு. காப்பாத்திடலாம்.

இரண்டாவது விதம், சுத்தமான கேள்விக்குறிகள். தமிழே தெரியாத ஒரு எழுத்துத் தொகுப்புக்குள்ளே தமிழைத் திணிச்சிருக்கீங்க. அது 'எனக்குத் தெரியாது'ன்னு ஒவ்வொரு எழுத்துக்கும் கேள்விக்குறி போட்டுடுச்சு. டேட்டாபேஸுக்குள்ளேயே நேரா போய்ப் பாருங்க. அங்கே தமிழ் ஒழுங்கா இருந்தா, வெளியே எடுக்கிற வழியில்தான் கோளாறு, பிழைச்சீங்க. அங்கேயும் கேள்விக்குறின்னா கவிதை போயே போச்சு. எழுதினவங்ககிட்ட மறுபடி கேட்டு வாங்கறதைத் தவிர வழி இல்லை.

அதனாலதான் முதல் நாளே ஒரே ஒரு தமிழ் வரியைப் போட்டு, எடுத்து, சோதிக்கணும். நூறு பேர் அனுப்பின பிறகு கண்டுபிடிச்சா, நூறு பேர்கிட்டயும் மன்னிப்புக் கேட்கணும்!

நாலு இடம் ஒத்துப்போகணும். ஃபைலை சேமிக்கும் முறை, பக்கத்தோட தலைப்பில் சொல்ற அறிவிப்பு, டேட்டாபேஸ் இணைப்பு, டேபிள். முதல் ரெண்டுக்கும் யுடிஎஃப்-8. மைஎஸ்கியூஎல் பக்கம் இருக்கிற மற்ற ரெண்டுக்கும் 'யுடிஎஃப்8எம்பி4'. அங்கே வெறும் 'யுடிஎஃப்8'னு போட்டா 3 பைட் வரைக்கும்தான் தாங்கும். தமிழ் தப்பிச்சுடும், ஆனா கவிதை முடிவுல யாராவது ஒரு ஸ்மைலி போட்டா அதுக்கு 4 பைட் வேணும், அங்கே மாட்டிக்கும். 2018-ல் வந்த மைஎஸ்கியூஎல் 8.0-ல்தான் எம்பி4 தானாகவே வர்ற ஏற்பாடாச்சு. அதுக்கு முன்னால தானா வந்தது லத்தீன்1. பழைய பதிப்புல நீங்க கையால உருவாக்கற டேபிள்ல இதை மறக்காம சொல்லணும்.

ஒரு குட்டி வேடிக்கை. 'அம்மா' எத்தனை எழுத்து? மூணுன்னு ஒண்ணாம் கிளாஸ் குழந்தை சொல்லும். யூனிகோட் கணக்குல 5 குறி. பைட் கணக்குல 15. பிஎச்பியோட சாதா நீளம் பார்க்கிற ஃபங்ஷன் சொல்றது அந்த 15! 'முதல் நூறு எழுத்தை மட்டும் காட்டு'ன்னு அதே மாதிரி பைட் கணக்குல வெட்டினா, எழுத்து நடுவுல கத்தி விழுந்து, கறுப்பு வைரத்துக்குள்ளே கேள்விக்குறி முளைக்கும்.

அஞ்சரை மணி நேரம் லேட்!

கடைசி நேரம் மாலை 5 மணி. சரியா 5 மணிக்குப் பதிவு பண்ணினவர் பேருக்கு எதிரே 11.30-ன்னு காட்டுது. சர்வர் கடிகாரம் உலகப் பொது நேரத்துல ஓடுது. நாம அதைவிட 5.30 மணி நேரம் முன்னால இருக்கோம். நேர வித்தியாசம் துல்லியமா அஞ்சரைன்னா யோசிக்கவே வேண்டாம், டைம் ஸோன்தான். சேமிக்கிறது பொது நேரத்துல, காட்டுறது நம்ம நேரத்துலன்னு வெச்சுக்கிட்டா குழப்பம் வராது.

சரி, டூலை எப்போதான் மாத்துறது?

மாத்தவே கூடாதுன்னு சொல்லலை. 'ஃபேஷனா இருக்கு' என்பது காரணம் ஆகாது, 'இந்த வேலை இதுல முடியலை' என்பதுதான் காரணம். டான் மெக்கின்லி என்ற அமெரிக்க இன்ஜினீயர் 2015-ல் 'போரடிக்கிற டெக்னாலஜியையே தேர்ந்தெடுங்க' என்ற பொருள்ல ஒரு கட்டுரை எழுதினார். ஒரு நிறுவனத்துக்கே புதுமைக்குன்னு மூணு டோக்கன்தான் இருக்குன்னு வெச்சுக்கங்க, அதைப் பார்த்துச் செலவு பண்ணுங்க என்பது அவர் வாதம். கம்பெனிக்கே மூணுன்னா, பத்து நாள் கெடுவுல இருக்கிற மூணு பேர் டீமுக்கு? ஒண்ணே ஒண்ணு!

நானூறு பேர் பதிவு பண்ற சிம்போஸியத்துக்கு குபர்னெட்டீஸ் தேவையே இல்லை. சொல்லப்போனா தனி டேட்டாபேஸ் சர்வர்கூட வேண்டாம். ஒரே ஃபைலுக்குள்ளே அடங்கற எஸ்கியூலைட் போதும். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் ஹிட்டுக்குக் குறைவான சைட்டுக்கு அது பொதுவா தாங்கும்னு அதை உருவாக்கினவங்களே சொல்றாங்க.

ஆனா ஒரு டூல் மட்டும் இன்னிக்கே பழகுங்க: கிட். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஒரிஜினல் ஃபைனல்'னு ஃபோல்டரா சேர்த்து வைக்கிற பழக்கத்துக்கு முற்றுப்புள்ளி. அதுல 'பைசெக்ட்'னு ஒரு வசதி. நல்லா ஓடின நாளையும் உடைஞ்ச நாளையும் சொன்னா, நடுவுல இருக்கிற மாற்றங்களைப் பாதி பாதியா வெட்டித் தேடும். 1000 மாற்றம் இருந்தாலும் சுமார் 10 சோதனையில் குற்றவாளியைப் பிடிச்சுடலாம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மட்டும் கிட்டுக்குள்ளே போடாதீங்க.

ஏஐகிட்ட கேட்கலாமா? தாராளமா. ஆனா 'என் சைட் ஓடலை'ன்னு கேட்டா அதுவும் நம்ம டீம் மாதிரி குத்துமதிப்பாத்தான் மருந்து எழுதும். லாக்ல இருக்கிற வரி, பிஎச்பி பதிப்பு, நீங்க ஏற்கெனவே சோதிச்சது, இதையெல்லாம் கொடுத்துக் கேளுங்க. வர்ற பதில்ல ஒவ்வொரு வரியும் எதுக்குன்னு உங்களால சொல்ல முடிஞ்சா மட்டும் பேஸ்ட் பண்ணுங்க. வைவால பக்கத்துல ஏஐ உட்காராது!

இன்டர்வியூலயும் இதேதான் பாஸ். ரெஸ்யூமேல பதினஞ்சு டெக்னாலஜி பேர் எழுதியிருந்தா, அதுல ஒண்ணைப் பிடிச்சு நோண்டுவாங்க. 'வெள்ளைப் பக்கம் வந்துச்சு, 500-னு பார்த்தேன், லாக் படிச்சேன், பதிப்பு மாறியிருந்துச்சு, இப்படி சரி பண்ணினேன்'னு ஒரு கதை உங்ககிட்ட நிஜமா இருந்தா அடுத்த அஞ்சு நிமிஷமும் நீங்கதான் பேசுவீங்க.

லேப் சுவத்துல ஒட்டுங்க!

* எண்ணைப் பாரு, லாக்கைப் படி, அப்புறம் கோடைத் தொடு.

* ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம். அஞ்சை மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னு தெரியாது.

* லேப்டாப்பும் சர்வரும் ஒரே பதிப்புல இருக்கட்டும்.

* முதல் வாரமே சர்வர்ல ஏத்து. ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி இல்லை.

* அரை மணி நேரத்துக்கு மேல முட்டினா, பக்கத்து ஆளைக் கூப்பிட்டு ஆரம்பத்துலேர்ந்து விளக்கு. பாதி சொல்லும்போதே விடை வந்துடும்.

அடுத்த வாரம்: டேட்டாபேஸை பேக்கப் எடுக்கிறது எப்படி, எடுத்த பேக்கப் நிஜமாவே வேலை செய்யுதான்னு பார்க்கிறது எப்படி? அதுவரைக்கும் கவிதைகளை ஒரு காப்பி பென் டிரைவ்ல போட்டு வைங்க!