டில்லி ஆஸ்பத்திரியைக் காப்பாற்றிய நகல்

திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் வந்து இறங்கும் கூட்டத்தைப் பாருங்கள். ஒருவர் புத்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ஓர் அம்மாள் பாங்கிக்குப் போகிறார். ஒரு மாணவன் கல்லூரிக்குப் போகிறான். ஒரு குடும்பம் ஸ்ரீரங்கம் போகும் பஸ்சைத் தேடுகிறது.

முன்பு இவர்களுடைய கணக்கெல்லாம் காகிதத்தில் இருந்தது. இப்போது பாங்கிப் பணம், ரேஷன் கார்டு, பரீட்சை மார்க்கு, ரத்தப் பரிசோதனை எல்லாம் எங்கோ ஓர் அறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. கம்ப்யூட்டர்தான் இன்று நாட்டின் பேரேடு.

அந்தப் பேரேடு ஒரு நாள் காலையில் திறக்க மறுத்தால் என்ன ஆகும்?

இது கற்பனை அல்ல. நம் நாட்டின் தலைநகரில் நடந்த சம்பவம்.

திறக்காத பேரேடு

2022-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி. டில்லியில் உள்ள "எய்ம்ஸ்" ஆஸ்பத்திரி. 1956-ல் தொடங்கப்பட்ட இந்த ஆஸ்பத்திரிக்குப் பல மாநிலங்களில் இருந்தும் நோயாளிகள் வருகிறார்கள்.

அன்று காலையில் கம்ப்யூட்டர்கள் பதில் சொல்லவில்லை. நோயாளிகளின் பெயரைப் பதிய முடியவில்லை. பழைய விவரங்களைப் பார்க்க முடியவில்லை. பரிசோதனை முடிவுகளும் வரவில்லை.

என்ன காரணம்? யாரோ விஷமிகள் கம்பி வழியாகவே உள்ளே நுழைந்துவிட்டார்கள். பல கம்ப்யூட்டர்களுக்குத் தகவல் கொடுக்கும் பெரிய கம்ப்யூட்டருக்கு "சர்வர்" என்று பெயர். அப்படிப்பட்ட 5 சர்வர்களில் இருந்த தகவல்களை அவர்கள் புரியாத எழுத்தாக மாற்றிவிட்டார்கள். அதன் அளவு சுமார் 1.3 டெராபைட் என்று பார்லிமெண்டில் தெரிவிக்கப்பட்டது. 128 ஜி.பி. கொள்ளும் செல்போன்கள் பத்தை நிரப்பக்கூடிய அளவு அது.

இது ஒரு புது மாதிரியான திருட்டு. திருடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. பெட்டியை நம் வீட்டிலேயே விட்டுவிட்டு, வேறு பூட்டைப் போட்டுவிடுகிறான். "பணம் கொடுத்தால் சாவி தருகிறேன்" என்கிறான். டில்லியில் இவ்வளவு தொகை வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேட்கவில்லை என்று மத்திய சர்க்கார் கூறியது. டில்லி போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள்.

ஆஸ்பத்திரியை மூட முடியுமா? முடியாது. டாக்டர்களும் நர்சுகளும் பேனாவை எடுத்தார்கள். சீட்டு, மருந்து, பரிசோதனை எல்லாவற்றையும் கையால் எழுதினார்கள். நோயாளிகள் நீண்ட வரிசையில் நின்றார்கள்.

தப்பிய சர்வர்

நல்ல வேளையாக, ஒரு சர்வர் தப்பித்திருந்தது. நோயாளிகளின் விவரங்களுக்கு அதில் நகல் இருந்தது. அந்த நகலில் இருந்துதான் எல்லாத் தகவல்களையும் புதிய சர்வர்களில் ஏற்றினார்கள். பதிவு, அனுமதி, வீட்டுக்கு அனுப்புதல் ஆகிய முக்கிய வேலைகள் இரண்டு வாரத்துக்குப் பிறகு பழைய நிலைக்கு வந்தன.

"நகல்தான் இருந்ததே! பிறகு எதற்கு இரண்டு வாரம்?" என்று கேட்கலாம்.

நகலை எடுத்து உடனே ஏற்றிவிடக் கூடாது. திருடன் இன்னும் வீட்டுக்குள் ஒளிந்திருந்தால், புதுப் பெட்டியையும் பூட்டிவிடுவான். அதனால் முதலில் இணைப்புகளைத் துண்டிக்க வேண்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டராகச் சோதித்துச் சுத்தம் செய்ய வேண்டும். டில்லியில் அப்படிப் பார்க்க வேண்டிய கம்ப்யூட்டர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. நகலிலும் விஷம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகுதான் அதை ஏற்ற வேண்டும்.

அதோடு தீர்ந்ததா? இல்லை. இடைப்பட்ட நாட்களில் கையால் எழுதிய சீட்டுகள் இருக்கின்றன. அவற்றைத் தேதி வரிசைப்படி சேர்த்தால்தான் கணக்கு முழுமை பெறும். கடைசியில் எண்ணிக்கை சரியா என்று பார்க்க வேண்டும். ஒரு நோயாளியின் ரத்த வகை இன்னொருவர் பெயரில் ஏறிவிட்டால், அது கணக்குப் பிழை அல்ல, உயிருக்கே ஆபத்து.

கண்டக்டரின் பை

நகலின் கதை பஸ்சில் போகிறவர்களுக்குச் சுலபமாக விளங்கும்.

டிக்கெட் மெஷின் வருவதற்கு முன், கண்டக்டர் தோளில் ஒரு பை தொங்கும். அதில் டிக்கெட் கட்டுகள் இருக்கும். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் எண் உண்டு. ஸ்டேஜ் வந்ததும், எந்த எண் வரை விற்றது என்று "இன்வாய்ஸ்" தாளில் எழுதுவார்.

சத்திரத்தில் எழுதிய கண்டக்டர், மாம்பழச்சாலை அருகே பையைத் தொலைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சத்திரம் வரை உள்ள கணக்கு இன்வாய்சில் இருக்கும். அதற்குப் பிறகு விற்ற டிக்கெட்டுகளுக்குத்தான் கணக்கு இருக்காது. ஸ்டேஜ் தவறாமல் எழுதினால் நஷ்டம் குறைவு. நான்கு ஸ்டேஜுக்கு ஒரு முறை எழுதினால் நஷ்டம் அதிகம்.

இன்வாய்சும் அதே பைக்குள் இருந்தால்? இரண்டும் சேர்ந்தே போய்விடும்!

கொழும்பில் ஏற்பட்ட நஷ்டம்

இலங்கையில் 2023-ல் ஏறக்குறைய இதுதான் நடந்தது. அங்கே சர்க்கார் அலுவலகங்களின் இ-மெயில் கடிதங்களை ஒரு பொது அமைப்பில் வைத்திருந்தார்கள். ஆகஸ்டு மாதம் அதை விஷமிகள் பூட்டிவிட்டார்கள். மந்திரிசபை அலுவலகம் உள்பட சுமார் 5 ஆயிரம் முகவரிகள் பாதிக்கப்பட்டன.

நகல் இருந்ததா? இருந்தது. ஆனால் அதுவும் அதே கம்பியில் இணைந்திருந்தது. ஆகவே அதையும் பூட்டிவிட்டார்கள். இன்வாய்சும் பைக்குள் இருந்த கதைதான்.

வேறு பழைய நகலைக் கொண்டு, அமைப்பை அரை நாளுக்குள் இயங்க வைத்தார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்டு 26 வரை உள்ள கடிதங்களுக்கு நகலே இல்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் அடியோடு போய்விட்டன. அதன் பிறகுதான், தினந்தோறும் நகல் எடுத்து இணைப்பில்லாமல் தனியே வைக்க ஏற்பாடு செய்வதாக அறிவித்தார்கள்.

மின்சாரம் போனது, கம்பெனி பிழைத்தது

நகல் நிறைய இருந்தால் மட்டும் போதாது. கண்ணாடியைப் பாருங்கள். முகத்தில் கரி பட்டால், கண்ணாடியில் தெரியும் முகத்திலும் கரி இருக்கும். உடனுக்குடன் தானாக எழுதிக்கொள்ளும் நகலும் அப்படித்தான். மூலம் அழிந்தால் அதுவும் அழிந்துவிடும்.

டென்மார்க் நாட்டில் "மேர்ஸ்க்" என்ற பெரிய கப்பல் கம்பெனி இருக்கிறது. அதன் கம்ப்யூட்டர்களில் யார் யார் உள்ளே வரலாம் என்ற பட்டியல் சுமார் 150 இடங்களில் இருந்தது. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொள்ளும். அதனால் பயமில்லை என்று நினைத்தார்கள். 2017 ஜூன் 27-ந் தேதி ஒரு தாக்குதலில் அத்தனையும் அழிந்தன, ஒன்றைத் தவிர!

அந்த ஒன்று ஆப்பிரிக்காவில், கானா நாட்டில் இருந்தது. தாக்குதல் நடந்த சமயம் அங்கே மின்சாரம் இல்லை. அதனால் அது இணைப்பில் இல்லாமல் தப்பியது. அதில் இருந்ததைக் கம்பி வழியாக அனுப்பினால் பல நாள் ஆகும். ஆகவே ஓர் ஊழியர் அதை எடுத்துக்கொண்டு விமானத்தில் நைஜீரியா போனார். அங்கே விமான நிலையத்தில் இன்னோர் ஊழியரிடம் கொடுத்தார். அவர் லண்டனுக்குக் கொண்டு போனார். பத்து நாளில் 4 ஆயிரம் சர்வர்களையும் 45 ஆயிரம் கம்ப்யூட்டர்களையும் புதிதாக அமைத்தார்கள்.

கோடிக்கணக்கில் செலவு செய்த கம்பெனியைக் காப்பாற்றியது ஒரு மின்தடை! அதிர்ஷ்டத்தால் கிடைத்த அந்தப் பாதுகாப்பை, வழக்கமாக ஆக்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

மக்களின் கணக்கை வைத்திருக்கும் எந்த அலுவலகமும் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்று: கடைசி நகல் எந்தத் தேதியில் எடுத்தது?

இரண்டு: அது எங்கே இருக்கிறது? கம்பி இணைப்பு இல்லாமல், வேறு கட்டிடத்தில் இருக்கிறதா? தென்கொரியாவில் 2025 செப்டம்பரில் சர்க்கார் கம்ப்யூட்டர் நிலையம் ஒன்று தீப்பிடித்தது. அங்கே இருந்த ஒரு சேமிப்புக் கிடங்குக்கு வெளியே நகல் கிடையாது. சர்க்கார் ஊழியர்களின் 858 டெராபைட் தகவல் சாம்பலாகிவிட்டது. திருடன் வரவில்லை, தீ போதுமானதாக இருந்தது.

மூன்று: அந்த நகலில் இருந்து திரும்ப ஏற்றிப் பார்த்தீர்களா? ஒரு முறையாவது போட்டுத் திறந்து பார்க்காத மாற்றுச் சாவியை நம்ப முடியாது. ஆபத்து வரும் நாளில் ஒத்திகை பார்க்க நேரம் இருக்காது.

வீட்டிலும் செய்யலாம்

கல்யாணப் படம், குழந்தையின் சிரிப்பு, தாத்தாவின் குரல் எல்லாம் இன்று செல்போனில் இருக்கின்றன. செல்போன் தண்ணீரில் விழுந்தால் அவை போய்விடும்.

மூலத்தோடு சேர்த்து மூன்று பிரதிகள் வையுங்கள். அவை இரண்டு வகைச் சாதனத்தில் இருக்கட்டும். ஒன்றாவது வேறு வீட்டில் இருக்கட்டும். நகல் எடுத்து முடிந்ததும் கம்பியைக் கழற்றிவிடுங்கள். பெட்டியின் மேல் தேதியை எழுதுங்கள். மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள்.

இதற்கு ஆகும் நேரம் அரை மணிதான். டில்லியில் இரண்டு வாரம் வரிசையில் நின்றவர்களுக்கு, அந்த அரை மணியின் அருமை தெரியும்.