வரவும் செலவும்: இனாமின் எடை

"ஐயாயிரம் கட்டுங்கள், நாங்கள் ஐயாயிரம் இனாமாகச் சேர்க்கின்றோம்" என்னும் அழைப்பு நம் இல்லத்துக் கைபேசிகளிலும் வந்து விழுகின்றது. பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்து, வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக எஞ்சியதைப் பெற்றோருக்கு அனுப்பும் குடும்பங்கள் நம்முடையவை. அந்த எஞ்சிய தொகையைக் குறி வைத்தே இவ்வழைப்புகள் வருகின்றன. ஆதலின் இணையவழிப் போக்கர் சீட்டாட்டத்தில் 'போனஸ்' எனப்படுவதன் மெய்யான மதிப்பு யாது என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

முதற்கண் சட்டத்தின் நிலை. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் தடுக்கும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. நடத்துவோர்க்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதன்பின் நம் நாட்டுப் பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. எனவே இன்றும் வரும் அழைப்புகள் சட்டத்துக்குப் புறம்பானவை. அவற்றுட் பல கடல் கடந்த இடங்களிலிருந்து வருபவை.

இனி, கணக்கைப் பார்ப்போம். போக்கரில் நிறுவனம் சீட்டுப் பிடிப்பதில்லை. ஆடுவோர் தம்முள் ஒருவர் பணத்தை ஒருவர் வெல்கின்றனர். ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவே குவியும் தொகையிலிருந்து ஒரு பங்கை நிறுவனம் கழிவாக எடுத்துக்கொள்ளும். இதனை 'ரேக்' என்பர். வென்றவர் யாராயினும் கழிவு நிச்சயம். ஆகவே மேசையைச் சுற்றி அமர்ந்தோர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால், கொண்டுவந்ததைவிடக் குறைவாகவே எடுத்துச் செல்வர்.

போனஸ் இக்கழிவோடு பிணைக்கப்பட்டது. ஓர் எடுத்துக்காட்டு: 5,000 ரூபாய் போனஸ், நீங்கள் 2,500 ரூபாய் கழிவு செலுத்துந்தோறும் 500 ரூபாய் விடுவிக்கப்படும், தவணை 60 நாள் என்று கொள்வோம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஆடி 100 ரூபாய் கழிவு கொடுக்கும் ஒருவர், 60 நாளில் 6,000 ரூபாய் கொடுத்திருப்பார். அவருக்குக் கிட்டுவது இரண்டு தவணை, அதாவது 1,000 ரூபாய். எஞ்சிய 4,000 காலங் கடந்து மறைந்துவிடும். கழிவு நூற்றுக்கு 5 எனில், அந்த 6,000-க்காக அவர் பங்கில் 1,20,000 ரூபாய் மேசையில் புரண்டிருக்க வேண்டும். முழுப் போனஸையும் பெற விரும்பினாலோ 25,000 ரூபாய் கழிவு கொடுத்தாக வேண்டும். ஒரு மணி ஆடியவர் நாள்தோறும் நான்கு மணிக்கு மேல் ஆட வேண்டும். 5,000 என்று எழுதியது இனாம் அன்று. நாம் கொடுக்கும் கழிவில் ஐந்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் தள்ளுபடியே ஆகும்.

மற்றொரு விந்தையும் நடந்தது. 2023 அக்டோபர் முதல் கட்டும் தொகை மீது 28 விழுக்காடு சரக்கு-சேவை வரி வந்தது. நூறு ரூபாய் கட்டினால் ஏறத்தாழ 22 வரிக்குப் போக, 78 கணக்கில் ஏறியது. குறைந்த 22-ஐப் பல நிறுவனங்கள் 'போனஸ்' என்னும் பெயரால் நிரப்பின. கணக்கில் நூறு தெரிந்தது. ஆனால் அந்தப் போனஸ் ஆடுதற்கே உதவியது, நேரே வங்கிக்குத் திரும்புவதன்று. நிகர வெற்றிக்கு 30 விழுக்காடு வருமான வரியும் தனியே உண்டு.

சட்டத்துக்கு உட்பட்டிருந்த நாளிலேயே இனாமின் எடை இவ்வளவுதான். முகவரியற்ற நிறுவனம் தரும் போனஸுக்கு இந்த எடையும் இல்லை. வென்ற பணத்தை அனுப்ப மறுத்தால் முறையிட வழியில்லை. வங்கி விவரத்தை அயலார் கையில் கொடுத்ததே மிச்சம். ஏமாந்தோர் 1930 என்னும் எண்ணுக்கு உடனே அறிவித்தல் நலம்.

இக்கணக்கு போக்கரோடு நிற்பதன்று. கடன் அட்டையோ, கடைத் தள்ளுபடியோ, எந்த இனாம் வரினும் நான்கு கேள்வி கேளுங்கள்: இதைப் பெற நான் செலவிட வேண்டியது எவ்வளவு? எத்தனை நாளுக்குள்? கிடைப்பது வங்கிக்கு வரும் பணமா? தர மறுத்தால் யாரிடம் கேட்பது? நான்கிற்கும் எழுத்தில் விடை இல்லையெனில் அதன் மதிப்பு சுழி என்று கொள்க.

சூதில் பெற்ற வெற்றியைத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனுக்கு வள்ளுவர் ஒப்பிட்டார். போனஸ் வெற்றிக்கும் முன்னரே இடப்படும் இரை. தனி அறையில் தங்கி வேலை பார்க்கும் நம் இளைஞர்க்கு மாலைப் பொழுது நீளமானது. இரை அங்கேதான் விழுகின்றது. இழந்தவன் வெட்கத்தால் வாய் திறவான். இழந்ததை மீட்க மீண்டும் கட்டுவான். ஆதலின் பெரியோர் கடிந்து கேளாது, கணக்கை அவனோடு அமர்ந்து எழுதிப் பாருங்கள். கடன் சிறிதாக இருக்கும்போதே வாய் திறந்தால் குடும்பம் தாங்கும்.