21 வயது அதிகாரிக்கு நாம் காட்டிய பாராமுகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதும்போதெல்லாம் இந்திய-இலங்கை ஒப்பந்தம் வருகிறது, ராஜீவ் காந்தி வருகிறார், இலங்கை அதிபர் ஜெயவர்த்தனே வருகிறார், விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் வருகிறார். அங்கே உயிரைவிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் மட்டும் வெறும் எண்ணிக்கையாக ஒரு வரியில் முடிந்துபோகிறார்கள். இதைக் கண்டித்தே எழுதுகிறேன்.

அவர்களில் ஒருவரான செகண்ட் லெப்டினன்ட் ராஜீவ் சந்து 1988 மார்ச்சில் அதிகாரியானவர். அசாம் ரெஜிமென்ட்காரரான அவர், இலங்கையில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியனோடு பணியாற்றினார். அந்த ஆண்டு ஜூலை 19 அன்று ரேஷன் எடுத்துவரப் போன வண்டிகளுக்கு அவர்தான் பொறுப்பு. ஆளில்லாத வீடொன்றிலிருந்து பாய்ந்த ராக்கெட் அவருடைய ஜீப்பைத் தாக்கியது. இரண்டு கால்களும் சிதைந்த நிலையில் தவழ்ந்து வெளியே வந்து, ஆயுதங்களைப் பறிக்க நெருங்கிய புலிகள் இயக்கத்தவரைச் சுட்டு வீழ்த்தினார். வீரத்துக்கான மகாவீர் சக்ரா விருது அவர் இறந்த பிறகே வந்தது. வயது 21. அதிகாரியாகி ஐந்து மாதம்கூட நிறையவில்லை.

அங்கே இறந்த இன்னொருவரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்துக்கு அருகே மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் தம் ஆட்களுக்கு உத்தரவிட்டபடியே இறந்தார். பரம்வீர் சக்ரா பெற்றவர். அந்தமானில் ஒரு தீவுக்கே அவர் பெயர் வைத்தாயிற்று. நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

1990 மார்ச்சில் படை சென்னைக்குத் திரும்பியபோது, தமிழரைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்று அன்றைய முதல்வர் கருணாநிதி ஒதுங்கிக்கொண்டார். அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்ஸ்களும் நோயாளிகளும் அந்தப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டதை என் ஈழத்து நண்பர்கள் சொல்லும்போது தலைகுனிந்துதான் கேட்கிறேன். அதற்குப் பொறுப்பானவர்களைக் கேள்வி கேட்டே ஆக வேண்டும். ஆனால் அந்த அக்டோபரில் சந்து அதிகாரியாகக்கூட ஆகியிருக்கவில்லை. டெல்லியும் கொழும்பும் போட்ட கணக்கின் பழியை அந்தப் பையன் தலையில் ஏற்றியது அநியாயம்.

நான் வாழும் ஜெர்மனியிலும் இப்படி ஒன்று நடந்தது. ஆப்கானிஸ்தானில் 59 ஜெர்மன் வீரர்கள் இறந்தார்கள். இங்கே பலருக்கும் பிடிக்காத போர் அது. 2021 ஜூன் 30 அன்று கடைசிப் படையினர் வுன்ஸ்டோர்ஃப் விமானத்தளத்தில் வந்திறங்கியபோது வரவேற்க ஓர் அமைச்சர்கூட வரவில்லை. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அக்டோபர் 13 அன்று பெர்லினில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் தீவட்டிகளோடு ராணுவ மரியாதை செய்தார்கள். நான்கு மாதத்துக்குள் தவறைத் திருத்திக்கொண்டார்கள். நமக்கோ முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன.

நவம்பர் 27 அன்று இங்குள்ள ஈழத்தமிழர்கள் போரில் இறந்த தங்கள் பிள்ளைகளுக்கு விளக்கேற்றுகிறார்கள். அந்தத் துயரத்தை மதிக்கிறேன். அதற்கு இரண்டு நாள் முன்னால் வருவது பரமேஸ்வரனின் நினைவுநாள். அன்று சென்னைப் போர் நினைவுச் சின்னத்தில், எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், தமிழக முதல்வர் நேரில் வந்து மலர்வளையம் வைக்க வேண்டும். தாங்களும் ஜூலை 19, நவம்பர் 25 இதழ்களில் இந்த இருவரின் படத்தையும் வரலாற்றையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டார்ம்ஸ்டாட், ஜெர்மனி