புளோரிடா கடற்கரையில் யாருக்கு அறை?
மேயர் அழைக்கிறார், கவர்னர் மறிக்கிறார்

மியாமி நகரத்துக்கு வடக்கே சுமார் 40 கிலோ மீட்டர் தொலைவில், அட்லாண்டிக் கடலோரத்தில் உள்ள ஊர் போர்ட் லாடர்டேல். ஊர் முழுவதும் வாய்க்கால்கள். "அமெரிக்காவின் வெனிஸ்" என்று அதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. பணக்காரர்களின் உல்லாசப் படகுகள் வீட்டுக் கொல்லையிலேயே கட்டிக் கிடக்கும். ஜனத்தொகை 1 லட்சத்து 80 ஆயிரத்துக்குச் சற்று மேல்தான்.

இந்த ஊருக்கும் புளோரிடா மாநில சர்க்காருக்கும் 2025-ல் ஒரு தகராறு மூண்டது. கடற்கரையை ஒட்டிய தெருவில் பூசியிருந்த வானவில் நிறச் சாயத்தை அழிக்க வேண்டும் என்பது மாநில உத்தரவு. தவறினால் சாலைக்குக் கொடுக்கும் பணம் நிறுத்தப்படும் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. ஆகஸ்டு மாதம் நகரசபை கூடி, உத்தரவை எதிர்ப்பது என்று தீர்மானித்தது.

நாலு வாளிச் சாயத்துக்கு இத்தனை அமர்க்களமா என்று கேட்கலாம். வானவில் கொடி தன்பாலீர்ப்பினரின் அடையாளம். அதாவது, ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் துணையாக வாழ்கிறவர்கள். அவர்களை "வாருங்கள், எங்கள் ஊரில் வந்து தங்குங்கள்" என்று அழைத்தே சுமார் 30 ஆண்டுகளாகப் பிழைப்பு நடத்தும் ஊர் போர்ட் லாடர்டேல். அந்த அழைப்பின் மேல்தான் இப்போது கரும்பூச்சு விழுகிறது.

மாணவர் போனார், கல்லா காலி

கடலோர உல்லாச ஊர்களுக்கு விளைச்சல் என்பதே வெளியூர்க்காரர்தான். 1960-ல் இந்த ஊரை வைத்து ஒரு சினிமாப் படம் வந்தது. அதிலிருந்து ஆண்டுதோறும் வசந்த கால விடுமுறைக்குக் கல்லூரி மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து குவிந்தார்கள். 1985-ல் வந்தவர்கள் மூன்றரை லட்சம் பேர் என்று மதிப்பிடப்பட்டது. ஊர் ஜனத்தொகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல்! குடி, கூச்சல், பால்கனியிலிருந்து விழுந்து சாவு. ஊர்க்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. மேயர் டெலிவிஷனில் தோன்றி, மாணவர்கள் இனி வர வேண்டாம் என்று பகிரங்கமாகச் சொன்னார். தெருவில் குடிக்கத் தடை, போலீஸ் கெடுபிடி எல்லாம் வந்தன. சில ஆண்டுகளில் அந்தக் கூட்டம் 20 ஆயிரம் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

ஊர் அமைதியாயிற்று. ஓட்டல்காரர்களின் கல்லாவும் அமைதியாயிற்று.

அந்த வெற்றிடத்தில்தான் தன்பாலீர்ப்பினர் வந்தார்கள். ஈ ஓட்டிக்கொண்டிருந்த பழைய சிறு விடுதிகள் சிலவற்றை அவர்களே வாங்கிச் சுத்தப்படுத்தி, தங்களைப் போன்றவர்கள் தயக்கமில்லாமல் தங்குவதற்கென்று நடத்தினார்கள்.

கட்டில் ஒன்றா, இரண்டா?

இதற்கென்று தனி விடுதி எதற்கு என்று நம்மவர்களுக்குப் புரிவது சற்றுக் கஷ்டம். நம் ஊர் லாட்ஜில் இரண்டு ஆண்கள் சேர்ந்து ஓர் அறை கேட்டால் மானேஜர் ஏறிட்டும் பார்க்க மாட்டார். ஆணும் பெண்ணுமாகப் போனால்தான் கழுத்தில் தாலி தெரிகிறதா என்று பார்ப்பார். அமெரிக்காவில் விஷயம் தலைகீழ். அங்கே கவுண்டரில் கேட்கிற கேள்வி "கட்டில் ஒன்றா, இரண்டா?" என்பது. இரண்டு ஆண்கள் "ஒன்று" என்று சொல்லும்போது கவுண்டர்க்காரரின் முகம் மாறுகிறதா என்பதில்தான் அவர்களுடைய விடுமுறையே தொங்குகிறது. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கலாம். "அறை காலி இல்லை" என்றும் சொல்லலாம். இந்த ஒரு நிமிஷ அவமானத்துக்குப் பயந்து, ஊருக்கு ஊர் எந்த விடுதி நல்ல விடுதி என்று அவர்கள் பட்டியல் வைத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம்.

சட்டம் காப்பாற்றாதா என்றால், அந்த மாநிலத்தின் பழைய சரித்திரம் நினைவில் இருக்க வேண்டும். இவர்களுக்கு வேலையோ வீடோ ஓட்டல் அறையோ மறுக்கக் கூடாது என்று மியாமி வட்டாரத்தில் 1977 ஜனவரியில் ஒரு சட்டம் வந்தது. ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. அனிதா பிரையன்ட் என்ற பாடகி அதை எதிர்த்து இயக்கம் நடத்தினார். ஜூன் மாதம் நடந்த வாக்கெடுப்பில் ஏறக்குறைய 69 சதவீதம் பேர் சட்டத்தை ரத்துச் செய்யச் சொன்னார்கள். அந்த அம்மையார் புளோரிடா ஆரஞ்சுப் பழச்சாற்றுக்கு விளம்பரம் செய்து வந்தவர். ஆகவே நாடெங்கும் தன்பாலீர்ப்பினர் ஆரஞ்சுச் சாற்றைப் பகிஷ்காரம் செய்தார்கள். 1980-க்குப் பிறகு அவருக்கு அந்த விளம்பர ஒப்பந்தம் இல்லை. மியாமி வட்டாரத்தில் சட்டம் திரும்பி வர 1998 ஆயிற்று.

போர்ட் லாடர்டேல் அடங்கிய பிரோவர்டு வட்டாரம் முந்திக்கொண்டது. 1995-ல் அங்கே அத்தகைய பாதுகாப்பு வந்தது. மறு ஆண்டே, 1996-ல், வட்டாரச் சுற்றுலா அலுவலகம் தன்பாலீர்ப்பினரை அழைத்து விளம்பரம் செய்யத் தொடங்கியது. அரசாங்கம் சார்ந்த ஓர் அலுவலகம் இப்படி வெளிப்படையாக அழைப்பது அந்நாளில் அபூர்வம். தர்ம சிந்தனை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. குழந்தை குட்டி இல்லாமல் வருகிற ஜோடிகள், இரண்டு சம்பளம், பள்ளி விடுமுறைக்குக் காத்திராமல் எந்த மாதமும் பிரயாணம். ஓட்டல்காரருக்கு இதைவிட நல்ல விருந்தாளி உண்டா? ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்து, நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்த காலமும் வந்தது.

பணம் பேசியது

இந்தப் பணத்தின் பலம் 2007-ல் வெளிப்பட்டது. அப்போதைய மேயர் ஜிம் நாகிள், கடற்கரையில் 2 லட்சத்து 50 ஆயிரம் டாலர் செலவில் ஒரு தானியங்கிக் கழிப்பறை வைக்கலாம் என்றார். பொதுக் கழிப்பறைகளில் இவர்கள் தகாத காரியம் செய்வதைத் தடுக்கத்தான் என்று அதற்கு விளக்கம் வேறு கொடுத்தார். கண்டனம் கிளம்பியது. மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் மேலும் பேசினார். வட்டார சபை அவரைச் சுற்றுலாக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டது. விருந்தாளியை வைகிறவரை வரவேற்புக் குழுவில் எப்படி வைத்திருப்பது?

விருந்தாளியாக வந்தவர்களில் பலர் வீடு வாங்கிக் குடியேறினார்கள். வாக்காளரானார்கள். பக்கத்துச் சிற்றூரான வில்டன் மேனர்ஸில் 2018 தேர்தலில் நகரசபை முழுவதுமே இந்தச் சமூகத்தவர் கைக்கு வந்தது. அதே ஆண்டில் போர்ட் லாடர்டேல் மேயராக டீன் டிரான்டாலிஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். தன்பாலீர்ப்பினர் என்பதை மறைக்காமல் அந்தப் பதவிக்கு வந்த முதல் மனிதர் அவர். பெரிய ஓட்டல்களும் கடற்கரைக்கு வந்தன. நிலத்தின் விலை ஏறியது. வழி திறந்துவிட்ட பழைய சிறு விடுதிகளில் பல மறைந்துபோனது இந்தக் கதையில் ஒரு சோகம்.

கவர்னரின் கணக்கு வேறு

அமெரிக்காவில் கவர்னர் என்றால் டில்லியிலிருந்து வந்து மாளிகையில் உட்காருபவர் அல்ல. ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறவர். நம் முதலமைச்சருக்குச் சமம். 2019-ல் பதவியேற்ற கவர்னர் ரான் டிசான்டிஸ், 2022 மார்ச்சில் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மூன்றாம் வகுப்பு வரை தன்பாலீர்ப்புப் பற்றிப் பாடம் நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு தடை பள்ளி முழுவதற்கும் நீண்டது. 2023 மே 17-ந் தேதி இன்னும் சில சட்டங்கள். அரசுக் கட்டடங்களில் பிறப்பின்போது குறித்த பாலினப்படியே கழிப்பறையைப் பயன்படுத்த வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வட்டார சர்க்காரின் விமான நிலையமும் அரசுக் கட்டடமே. ஆகவே விமானத்தை விட்டு இறங்கும் திருநங்கைக்கு முதல் சங்கடம் அங்கேயே காத்திருக்கிறது.

புளோரிடாவுக்குப் போவதை யோசித்துச் செய்யுங்கள் என்று 2023-ல் உரிமைச் சங்கங்கள் எச்சரித்தன. அமெரிக்க மாநிலங்களின் சட்டங்களைப் பார்த்துக்கொண்டு போகும்படி கனடா சர்க்காரே தன் மக்களுக்குச் சொல்லியது. பிரோவர்டு வட்டாரத்தில் நடக்கவிருந்த மாநாடுகள் சில ரத்தாயின. ஊரில் அறைகள் காலி.

ஆனால் மாநிலத் தலைநகரம் அசையவில்லை. காரணம் கணக்கில்தான் இருக்கிறது. 2023-ல் புளோரிடாவுக்கு வந்த பயணிகள் மொத்தம் 14 கோடிக்கு மேல். அதுவரை காணாத உச்சம். டிஸ்னி பொம்மை உலகத்துக்குக் குடும்பத்தோடு வருகிற கூட்டத்தின் முன் இந்தப் பத்து லட்சம் எம்மாத்திரம்? ஒரு மேயரைச் சுற்றுலாக் குழுவிலிருந்து இறக்கிய அதே பணம், சுமார் 700 கிலோ மீட்டருக்கு அப்பால் உள்ள டலஹாசியில் செல்லாக் காசாகிவிட்டது. வியாபாரம் கொடுத்த மரியாதைக்கு வியாபாரம் எட்டுகிற தூரம்தான் எல்லை போலும்.

அதே மே மாதம் 10-ந் தேதி வந்த இன்னொரு சட்டத்தை அதிகம் பேர் இதனோடு சேர்த்துப் பேசுவதில்லை. 25 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள், புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொருவருக்கும் அந்நாட்டில் வேலை செய்ய அனுமதி உண்டா என்று மத்திய சர்க்காரின் பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும் என்கிறது அது. ஓட்டல் அறையைப் பெருக்கி, விரிப்பு மாற்றி, பாத்திரம் கழுவுகிறவர்களில் ஹெய்தியிலிருந்தும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் நிறைய. ஒரு வார இடைவெளியில் அறையில் தங்க வருகிறவருக்கும் அறையைத் துடைக்க வருகிறவருக்கும் சேர்த்தே சங்கடம் வந்தது. 1960-களின் பிற்பகுதியில் பம்பாயில் குமாஸ்தா வேலை பார்த்த தமிழர்களுக்கு, உழைப்பு வேண்டும், ஆள் வேண்டாம் என்கிற இந்தப் போக்கு புதிதாகத் தோன்றாது.

இரவோடு இரவாக

சாலைச் சாயத்தின் கதைக்கு வருவோம். சாலையில் போக்குவரத்துக்குச் சம்பந்தமில்லாத சித்திரம் கூடாது, விபத்து நேரும் என்பது மாநிலத்தின் வாதம். ஆர்லாண்டோ நகரில் 2016 ஜூன் 12-ந் தேதி ஒரு கேளிக்கை விடுதியில் துப்பாக்கிச் சூட்டில் 49 பேர் மாண்டார்கள். அவர்களின் நினைவாக அருகே வரைந்திருந்த வானவில் கோடுகளைத்தான் மாநில இலாகா 2025 ஆகஸ்டில் முதலில் இரவோடு இரவாக அழித்தது. விபத்தைத் தடுப்பதற்கு நடுநிசி ஏன் தேவைப்பட்டது என்று உள்ளூர்க்காரர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. அடுத்து கீ வெஸ்ட், பிறகு அக்டோபரில் மியாமி பீச். எல்லாமே சுற்றுலாவை நம்பி வாழும் ஊர்கள்.

நம் நாட்டிலும் ஓட்டல்காரர்கள் இந்த விஷயத்தில் முன்னால் நின்றதுண்டு. 377-வது பிரிவைச் சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 6-ந் தேதி திருத்தியபோது, மனுதாரர்களில் நீம்ரானா ஓட்டல்களின் அமன் நாத், லலித் ஓட்டல்களின் கேசவ் சூரி இருவரும் இருந்தார்கள். கோர்ட்டு கொடுத்த உரிமையை ஒரு மாநிலம் சாயம் பூசி மறைக்க முடியாது. போர்ட் லாடர்டேல் ஊருக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் வட்டார சபையும் வியாபாரமும் கொடுத்தது.

2024-ல் புளோரிடா மாநிலச் சுற்றுலா நிறுவனம், தன்பாலீர்ப்பினருக்கென்று வைத்திருந்த வழிகாட்டிப் பகுதியைச் சத்தமில்லாமல் நீக்கியது. போர்ட் லாடர்டேல் வட்டார அலுவலகத்தின் விளம்பர வாசகமோ "சூரியனுக்குக் கீழே எல்லோரும்" என்பது. புளோரிடா என்று விசாரித்து வருகிறவருக்கு மாநிலத்திடம் பதில் கிடையாது. ஊர்ப் பெயரைத் தெரிந்துகொண்டு வருகிறவருக்குத்தான் அறை.